வேல் நுனியில் ஊதா வெளிச்சம்

1

தை மாசத்தில் ஒரு நாள், ஆபீஸில் காபிக்கு எழுந்த நேரத்தில் தம்பி குருசாமியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. எங்கள் கருப்பசாமி கோயில். கான்சாபுரத்துக்கு மேற்கே, அவனுடைய தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. விடிந்தும் விடியாத பனி. சாமிக்கு முன்னால், போன ஆவணியில் அவன் நட்டு வைத்த எவர்சில்வர் வேல், மாடிவீட்டு உயரத்துக்கு நிற்கிறது. அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம், ஈர்க்குச்சிகளை விரித்துப் பிடித்த மாதிரி. கூடவே ‘உஸ்ஸ்’ என்று விடாத ஒரு சீறல். பின்னால் பொம்பளைகள் குலவை போடுகிறார்கள்.

கீழே ஒரு வரி எழுதியிருந்தான். ‘அக்கா, சாமி கண்ணு முழிச்சிட்டாரு.’

வேறு யாராவது பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அல்லது சிரிப்பார்கள். நான் அந்த வெளிச்சத்தைத்தான் பதினோரு வருஷமாக ஸ்வீடனில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. ‘கொரோனா ஆராய்ச்சி’ என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஆளாளுக்குத் தடுப்பூசி பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. போதும்டா சாமி என்று அதன்பிறகு ‘கரண்டு வேலை’ என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது சொல்லியே ஆகவேண்டும். காற்றில் மின்சாரம் பாயாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாதிதான் உண்மை. உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் கூர்மையான உலோக நுனி ஒன்று இருந்தால், அந்த நுனியைச் சுற்றியுள்ள காற்று தாக்குப்பிடிக்காது. ஒரு எலக்ட்ரான் கிளம்பி ஒரு மூலக்கூறை முட்டும், அதிலிருந்து இன்னொன்று கிளம்பும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அந்த இடம் ஊதாவாக ஒளிரும், சீறும். இதுதான் கொரோனா. இதோடு நின்றால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இடைவெளி குறையக் குறைய அந்த ஒளி கிளைவிட்டு எதிர்ப்பக்கத்தை நோக்கி நீளும். போய்ச் சேர்ந்துவிட்டால் காற்றே கம்பியாகிவிடும். யாரும் எதையும் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதை நான் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்கிறேன். காற்றைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்குப் போடச் சொல்வேன். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற காரியத்தை அது இரண்டு நாள் மென்று விழுங்கிப் படமாகத் துப்பும். இத்தனை வருஷமாக என் திரையில் செத்தது காற்று மட்டும்தான். அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கோயிலுக்கு நேர் மேலே லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் லைன் போகிறது. நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்திலேயே வந்துவிட்டது. அதற்கும் சாமிக்கும் நடுவில் அத்தனை காலம் நிறைய ஆகாயம் இருந்தது. இவன் வேலை நட்டு அந்த ஆகாயத்தைக் குறைத்துவிட்டான்.

3

குருசாமி முட்டாளில்லை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கி வந்தவன். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் கோயில் சாமியாடி. சுந்தரபாண்டியத்தில் வேறொரு வகையறாக்காரர்கள் தங்கள் கோயிலில் ஆளை விட இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒரு அருவாளை நட்டுவிட்டார்கள். அதை எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து இவனிடம் வர்ணித்தார்கள். போதாதா? ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் மாடி உயர வேல் ஒன்று செய்யச் சொல்லிவிட்டான். ரிப்பேருக்காக லைனை நிறுத்தியிருந்த ஒரு நாளாகப் பார்த்து நட்டிருக்கிறான். அந்த அளவுக்கு விவரமானவன்தான்.

காபியை அப்படியே வைத்துவிட்டுப் போன் போட்டேன்.

“ஏலே குருசாமி, அது சாமி இல்லலே. மேல போற கரண்டு. மொதல்ல அந்த வேலை எறக்கு.”

“வந்துட்டா பாரு படிச்சவ! கரண்டுன்னா தொட்டாத்தானக்கா அடிக்கும்? எம்புட்டு எடவெளி கெடக்கு தெரியுமா?”

“எம்புட்டு கெடக்கு?”

“மூணு முழம் இருக்கும்.”

“பங்குனி வெயில்ல கம்பி தொய்யும்லே. மூணு முழம் ஒரு முழமாயிரும்.”

“ஆகட்டுமே. சாமி இன்னும் கிட்டத்துல போவாரு.”

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்:

“அக்கா, நீ கட்டிக்குடுத்த பிள்ள. ஒனக்கு இப்பம் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாமிதான் சாமி. இந்த வாசல்ல வரி கெடையாது, சொல்லு கெடையாது. கோவிச்சுக்கிடாத, முறையத்தான் சொல்லுதேன்.”

முறைதான். கல்யாணமான அன்றைக்கே பெண்ணுக்குக் குலசாமி மாறிவிடும், கோயில் வரியும் புருஷன் வீட்டுக் கணக்கில் போய்விடும். பிறந்த வீட்டுக் கோயிலுக்குப் போனால் பொங்கச் சோறு கொடுப்பார்கள், பங்காளிகள் கூடிப் பேசும்போது எழுந்து தள்ளிப் போய்விட வேண்டும். எனக்கு அது அதுவரை ஒரு குறையாகவே பட்டதில்லை. அன்றைக்கு ஆபீஸ் வராண்டாவில் நின்று அழுதேன். அந்தப் பக்கம் வந்த என் மேலதிகாரி, நல்ல மனுஷன், என்னவென்று விசாரித்தார். என் ஸ்வீடிஷ் மொழியில் வேலுக்கு வார்த்தை இல்லை, ‘கோயில் இடிதாங்கி’ என்று ஏதோ சொன்னேன். “அதற்கு யார் பொறுப்பாளர்?” என்று கேட்டார். சாமிதான் பொறுப்பு என்பதை எப்படிச் சொல்வது? யாரோ ஒரு பழைய ராணுவ வீரர் என்று சொல்லி வைத்தேன். அப்படியானால் கவலையில்லை என்று போய்விட்டார்.

4

மாசியில் கூட்டம் கூடிவிட்டது. எனக்குச் சேதி சொல்வது குருசாமியின் மனைவி ராஜாத்தி. வ. புதுப்பட்டிக்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் நின்று கேட்க வேண்டியிருக்கும்.

“மதினி, வேலத் தொட்டா ஒடம்பு சிலுக்குதுன்னு வரிசையில நிக்காவ. வத்திராயிருப்புல இருந்து வேன் போட்டு வாராவ. பிள்ளையள தூக்கிக் காட்டி வேல்ல கைய வைக்கச் சொல்லுதாவ.”

“நீ தொட்டியாட்டி?”

“தொட்டேன். எறும்பு ஊருத மாதிரி இருந்துச்சு. பொறவு தொடல.”

சிலிர்க்கத்தான் செய்யும். மேலே கம்பியில் இருக்கிற அழுத்தம் வேலில் தூண்டப்பட்டு, தொடுகிறவர்களின் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. கொஞ்சூண்டுதான். அந்தக் கொஞ்சூண்டை அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். மேலே ஒரே ஒரு தடவை காற்று தோற்றால் அந்தத் தரை முழுக்க மின்சாரம் பரவும். எனக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை.

மின்சாரத்துக்கான புகார் எண்ணுக்கு இங்கிருந்து கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான். சர்வீஸ் நம்பர் கேட்டான். கோயிலுக்குச் சர்வீஸ் இல்லை தம்பி, மேலே போகிற லைன் என்றேன். பெரிய லைன் வேறு பிரிவு மேடம், எந்த டவர் என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றான். டவர் நம்பருக்கு நான் எங்கே போவேன்?

நேரில் போய்விடலாம் என்றால், குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தேன். பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தில் மாட்டிக்கிடந்தது. திரும்பக் கேட்டால் விண்ணப்பம் பின்னால் போய்விடும் என்றார்கள். போகட்டும், கொடுங்கள் என்றேன். அதற்கும் வரிசை உண்டு, உங்கள் முறை வரும்போது தபாலில் வரும் என்று பதில் வந்தது. எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல், எந்தச் சாமிக்கும் ஆகாமல், மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

5

வாயால் சொன்னால் கேட்கமாட்டான், கண்ணால் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவன் நட்ட அதே வேலைக் கம்ப்யூட்டருக்குள்ளும் நட்டுவிடலாம். அதற்கு அளவு வேண்டும். நுனி எத்தனை கூர், தண்டு எத்தனை கனம் என்று கேட்டதும் குருசாமிக்கு ஒரே சந்தோஷம். அக்கா மனசு மாறிவிட்டாள், வெளிநாட்டில் நம்ம சாமி பெருமையைப் பேசப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மளமளவென்று அனுப்பினான்.

கம்பிக்கும் நுனிக்கும் இடைவெளியை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்லு என்று எழுதினேன்.

மறுநாள் ஒரு போட்டோ வந்தது. தோப்பில் தேங்காய் பறிக்க வைத்திருக்கும் அலுமினிய ஏணியை வேல் தண்டில் சாய்த்து, உச்சிப்படியில் நின்று, கையில் ஒரு மூங்கில் கழியை மேலே நீட்டிப் பிடித்திருக்கிறான். கழியின் நுனி கம்பியை உரசிக்கொண்டிருக்கிறது. அளப்பதற்காகக் கழியில் சாக்பீஸால் கோடு கிழித்திருக்கிறான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ‘குத்துமதிப்பு எதுக்கு? ரெண்டரை முழம். காஞ்ச மூங்கில், கரண்டு பாயாது. மிலிட்டரி மூளைக்கா.’

என் பாழாய்ப்போன கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவன் அங்கே ஏறியிருந்தான். காலையில் கொஞ்சம் பனி கூடுதலாக இறங்கி அந்த மூங்கில் நனைந்திருந்தால் போட்டோ அனுப்ப ஆள் இருந்திருக்காது. திட்டக்கூடத் தெம்பில்லை. ‘இனிமே ஏறாதலே, உன் பிள்ளைகள் மேல சத்தியம்’ என்று மட்டும் எழுதினேன். ‘உத்திரத்துக்கு மாலை போட ஏறணும்லா’ என்று பதில் வந்தது.

6

பங்குனி உத்திரத்தன்று சாமியாடி ஏணியில் ஏறி, வேலுக்கு எலுமிச்சை மாலை போட்டு, அருவாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குறி சொல்வது என்று தீர்மானமாகியிருந்தது. பங்குனி வெயில், தொய்ந்த கம்பி, ஒரு முழம் இடைவெளி, அதற்குள் தூக்கிய அருவாள். நான்கையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். அது இரண்டு நாள் யோசித்தது. நானும் இரண்டு நாள் சாமி கும்பிட்டேன், எந்தச் சாமி என்று பார்க்காமல். இந்தத் தொழிலில் விடை தப்பாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

தப்பாக வரவில்லை. அருவாள் முனையிலிருந்து ஒளி கிளைகிளையாக எழும்பி, தயங்கி, மறுபடி எழும்பிக் கம்பியைத் தொட்டது.

என் மகள் கீர்த்திக்குப் பதிமூன்று வயது. அவளோடு நான் தமிழில் பேசுவேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள், பெரும்பாலும் ‘தெரியாது’ என்று. அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று நிறம் நன்றாக இல்லை என்றாள். சாம்பலாக இருந்ததை எடுத்துவிட்டு ஊதாவும் பொன்னிறமுமாக மாற்றிக் கொடுத்தாள். மாமாவுக்கு நானே அனுப்புகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளே போட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்திருந்தோம். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கீழே நான் எழுதினேன்: ‘உத்திரத்தன்று நடக்கப்போவது இதுதான். பார்த்துக்கொள்.’

பார்த்துக்கொண்டான். நாலாம் நாள் ராஜாத்தி ஒரு படம் அனுப்பினாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய பிளெக்ஸ் பேனர். வேல், அதிலிருந்து ஆகாயம் வரை கிளைவிட்டு எழும்பும் ஊதாப் பொன் மரம், என் மகள் கொடுத்த அதே நிறம். மேலே கொட்டை எழுத்தில்: ‘ஸ்வீடன் நாட்டுக் கம்ப்யூட்டரில் காட்சி கொடுத்த கருப்பசாமி! பங்குனி உத்திரத்தன்று நடக்கப்போவது இதுதான்!’ ஓரத்தில் வட்டத்துக்குள் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பொட்டு வேறு வரைந்து வைத்திருந்தார்கள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ரெண்டு எடத்துல வச்சிருக்காவ மதினி. இந்த வருசம் கூட்டம் தாங்காதுங்காவ.”

7

என்னோடு காலேஜில் படித்த ஜரீனா இப்போது அந்த வட்டாரத்திலேயே மின்சார இன்ஜினியராக இருக்கிறாள். பல வருஷமாகப் பேச்சில்லை. வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். நான் அனுப்பிய ஏணிப் போட்டோவைப் பார்த்ததும் “யா அல்லாஹ்” என்றாள்.

“நோட்டீஸ் குடுக்கேன். ஆனா உத்திரத்துக்கு முந்தி வேலப் பிடுங்கப் போனா ரகளையாயிரும்ட்டி. ஒண்ணு செய்யலாம். மெயின்டனன்ஸ்னு கேட்டு, அன்னைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் லைன நிறுத்தி வாங்கித் தாரேன். மாலை போடுறது காலைல பத்து மணிக்குத்தான?”

அவளை அப்போதே கட்டிப்பிடித்திருப்பேன். யாரிடமும் சொல்லாதே என்றாள். ராஜாத்தியிடம் மட்டும் சொன்னேன்.

உத்திரத்தன்று ஊரில் பத்து மணி ஆகும்போது எனக்கு விடிகாலை. நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. போனையே பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். பத்து மணிக்குப் போட வேண்டிய மாலை பதினொன்றரைக்குத்தான் ஏறியது. கூட்டம் அப்படி. லைனில் மின்சாரம் இல்லை, ஜரீனா செய்தி அனுப்பியிருந்தாள். நிம்மதியாகத் தேநீர் போட்டேன். அப்போது ராஜாத்தி கூப்பிட்டாள். பின்னால் உறுமி மேளம் காதைக் கிழித்தது.

“மதினி, அவிய எறங்க மாட்டேங்காவ!”

“மாலை போட்டாச்சுல்லா? பொறவு என்ன?”

“வேல் சீறலையாம். தொட்டாலும் சிலுக்கலையாம். சனமெல்லாம் சாமி போயிட்டாரு, என்ன தீட்டோன்னு கத்துது. சாமி வந்தாத்தான் எறங்குவேன்னு அருவாளத் தூக்கிக்கிட்டு உச்சியில நிக்காவ!”

சாமி பன்னிரண்டு மணிக்கு வரும். அது உலகத்தில் எனக்கும் ஜரீனாவுக்கும் ராஜாத்திக்கும்தான் தெரியும்.

“லைன் நின்னிருக்குன்னு சொல்லுட்டி! பன்னெண்டுக்கு வந்துரும்னு சொல்லு!”

“சொல்லிட்டேன் மதினி. கரண்டுக்கும் சாமிக்கும் என்னட்டின்னு சிரிக்காவ. பங்காளிய என்னயத் தள்ளி விடுதாவ.”

ஜரீனாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனை ஜீப்பில் வைத்துவிட்டு லைன் பார்க்கப் போயிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். கீர்த்தி எழுந்து வந்து, “என்னம்மா?” என்று தமிழில் கேட்டாள்.

மறுபடி ராஜாத்தியைப் பிடித்தேன். கத்தினேன். “ஏட்டி ராஜாத்தி, நான் சொன்னா அந்த வாசல்ல எடுபடாது. நீ அந்தச் சாமிக்கு வாழ்க்கைப்பட்டவ. யார் சொன்னா அவன் கேப்பானோ அப்பிடிச் சொல்லுட்டி! எறக்குட்டி அவன!”

மேளம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஓங்காரம், நான் அதுவரை கேட்டிராத குரல். “ஏலேய் குருசாமி!” மேளம் தடுமாறி நின்றது. “என் வாசல்ல வந்து எனக்கு மேல நிக்கியாலே? என் தலைக்கு மேல ஒன் காலா? எறங்குலே! நீ மண்ணத் தொட்டாத்தான் நான் பேசுவேன்! எறங்குலேய்!”

குலவை. ஓட்டம். யாரோ “ஆத்தா மேல சாமி இறங்கிட்டாருடோய்” என்கிறார்கள். ஏணி கிரீச்சிடுகிற சத்தம் கேட்டதா, நானே நினைத்துக்கொண்டேனா தெரியாது. அப்புறம் குருசாமி அழுகிற குரல் பக்கத்தில் கேட்டது. “மன்னிச்சிரு சாமி, மன்னிச்சிரு சாமி.” பக்கத்தில் கேட்டது என்றால் தரையில் இருக்கிறான்.

அதற்கப்புறம்தான், போனில் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி, அந்தச் சீறல் ஆரம்பித்தது.

8

இரண்டு நாள் கழித்துத்தான் ராஜாத்தியோடு பேச முடிந்தது. ஜரீனா கொடுத்த நோட்டீஸைச் சாமி காலடியில் வைத்துவிட்டார்களாம். கேஸ் போடுவோம், அந்த வேலைப் பிடுங்கி எடுக்க ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகட்டும், எடுத்தே தீருவோம் என்று ஜரீனா சொல்கிறாள். அவள் விடமாட்டாள், எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் வந்துவிட்டது. டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீர்த்தி தானும் வருவதாகச் சொல்கிறாள்.

“அவன் எப்பிடியிருக்கான்?”

“பேச்சே இல்ல மதினி. என்னயப் பாத்தா எந்திரிச்சு நிக்காவ. வாங்க போங்கன்னு கூப்பிடுதாவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உயிர் பிழைச்சதுக்கு அவன் உன் காலக் கழுவிக் குடிக்கணும். நல்லா நடிச்சட்டி, என் ராசாத்தி.”

அவள் சிரிக்கவில்லை.

“நடிச்சேனா, நெசமாவே வந்துச்சான்னு எனக்கே தெரியல மதினி. நான் எறங்கச் சொன்னேன், அவிய எறங்கினாவ. நான் பேசுவேன்னேன், வேல் பேசிருச்சு. எல்லாரும் பாத்தாவ. நானும்தான பாத்தேன்?”

“ராஜாத்தி, அது பன்னெண்டு மணி. லைன் வந்துச்சு. உனக்குத் தெரியும்.”

“தெரியும் மதினி.” அவள் குரல் அமைதியாக இருந்தது. “பங்காளிய கூடிப் பேசி முடிச்சிட்டாவ. வேல இன்னும் ஒரு முழம் ஒசத்துறதாம். இனிமே சாமி என் மேலதானாம். வார உத்திரத்துக்கு ஏணியில நான்தான் ஏறணும்னு சொல்லிட்டாவ.”

“நீ என்னட்டி சொன்ன?”

“சரின்னேன்.”